உச்சிப் புல்வெளியில் இரண்டு எட்டுகள்

எல்கோ என்ற எங்கள் மலையூரில் பனிக்காலத்து ஞாயிறு காலைகளில் சூதாட்ட விடுதி அரைத்தூக்கத்தில் இருக்கும். தேவாலயத்தில் பூசை முடிந்து பெயோ இரிகாராய் உள்ளே வந்தபோது தொப்பியில் பனி உருகிக்கொண்டிருந்தது. பின்னால் அவர் மனைவி கிராசி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுடன்.

பிளாக்ஜாக் மேசையில் சீட்டுப் போடுவது நான். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதை அதிகம் நெருங்குகிறவர் ஜெயிக்கும் ஆட்டம் அது. பெயோவைப் போலவே என் அப்பாவும் கடல் தாண்டி பாஸ்க் நாட்டிலிருந்து இங்கே ஆடு மேய்க்க வந்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ரீனோவில் கணக்கில் பட்டம் வாங்கினேன். கிராசி அதைத் தன் பிள்ளை வாங்கியதுபோல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெயோ இந்த மேசைப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது. அந்த நாளில் அவருக்கு ஒரே முறைதான். தோற்றால் பந்தயம் இரட்டிப்பு. மறுபடி தோற்றால் அதற்கும் இரட்டிப்பு. ஒரே ஒரு நல்ல கை வந்தால் போனதெல்லாம் திரும்பிவிடும் என்பார். அந்தக் கை வருவதற்குள் அவருடைய சொந்த மந்தையே போய்விட்டது. மிச்சக் காலமெல்லாம் அடுத்தவர் ஆடுகளை மேய்த்தார். இந்தக் குளிர்காலம்தான் அவரை மறுபடி ஆடவிட கிராசி மனமிரங்கினார், ஒரு நிபந்தனையோடு: தோற்றபின் காசைத் துரத்தினால் கிராசி அன்றைக்கே பாய்சி நகரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார், திரும்ப மாட்டார்.

அதனால் பழைய முறையைத் தலைகீழாக்கினார்கள். சமையலறை மேசையில், சீட்டுக்கட்டு இல்லாமல், மொச்சைக்கொட்டையைப் பந்தயமாக வைத்துப் பழகினார்களாம். முதல் பந்தயம் காசுக்குப் பதில் விடுதி தரும் சில்லு ஒன்று, அது பள்ளத்தாக்கு. ஜெயித்தால் இரண்டு, நடுமலை. மறுபடி ஜெயித்தால் மூன்று, உச்சிப் புல்வெளி. உச்சியில் ஜெயித்தாலும் இறங்கிவிட வேண்டும். எங்கே தோற்றாலும் பள்ளத்தாக்குதான். இரு பக்கமும் சமமானால் ஆடு நின்ற இடத்தில் நிற்கும்.

பந்தயத்தை எப்படி ஏற்றி இறக்கினாலும் விடுதியின் பங்கு குறையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மலைமேல யாரு தம்பி ஜெயிக்கப் போறா? புல்லு இருக்குன்னு போறோம்," என்றார் பெயோ.

முதல் கை ஜெயித்தார். இரண்டாவதும் ஜெயித்தார். கதவுக் கண்ணாடி வழியே வந்த பனி வெளிச்சம் பச்சைத் துணியில் மெல்ல நகர்ந்தது. ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்தபடி மூன்று சில்லுகளை முன்னால் தள்ளினார். ஆடுகளை ஒவ்வொன்றாக வாசல் தாண்டவிடுகிறவரின் விரல்கள் அவருக்கு.

சீட்டு போட்டேன். அவருக்கு இரண்டு எட்டு. என் பக்கம் திறந்திருந்தது பத்து.

மொச்சையில் ஜோடி வராது. இருவரும் அதை யோசிக்கவே இல்லை.

கிராசி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன கை இது?"

"பதினாறு. உருப்படாத கை. ஆனா ஜோடி. பிரிச்சா ரெண்டு கையாயிடும்."

"சும்மா பிரிக்கலாமா?"

"இன்னொரு மூணு வைக்கணும்."

கிராசி என்னைக் கேட்டார். பிரிப்பதுதான் கணக்குக்குச் சரி, நஷ்டம் கொஞ்சம் குறையும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கணவரிடம் திரும்பினார்.

"தோக்கற கைமேல இன்னும் காசு வைக்கறதுக்கு என்னய்யா பேரு?"

"இன்னும் தோக்கலடி."

"மந்தை போன அன்னிக்கும் இதையேதான் சொன்ன."

பெயோவின் கை சில்லுக் குவியலின்மேல் அப்படியே நின்றது. முணுமுணுப்பும் நின்றிருந்தது. அவர் பார்வை துணியின் பச்சையில் எங்கோ தூரத்தில் இருந்தது. பிறகு இரண்டு எட்டுகளையும் மூன்று சில்லுகளுக்கு அடியில் செருகினார். அப்படிச் செருகினால், பிரிக்கவில்லை, இனி சீட்டும் வேண்டாம் என்று அர்த்தம்.

என் மறைசீட்டைத் திருப்பினேன். ஒன்பது. பத்தொன்பது ஆயிற்று. மூன்று சில்லுகளையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த பந்தயத்துக்கு அவர் விரல்கள் குவியலில் இறங்கின. ஒரு கொத்தாக அள்ளின. கிராசி மேசையைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்தார். கொத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உருண்டது. அப்புறம் ஒவ்வொன்றாகக் குவியலுக்கே திரும்பி விழுந்தது. கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு சில்லு துணிமேல் வந்து உட்கார்ந்தது.

"இறங்கியாச்சு," என்றார் பெயோ, பின்னால் திரும்பாமலே.

கிராசி கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, அதை நாற்காலி முதுகில் மாட்டினார்.

"எனக்கு ஒரு காப்பி சொல்லுப்பா. இந்தாளு இன்னும் கொஞ்ச நேரம் மேய்க்கட்டும்."