படையலில் வைத்த பாட்டில்

பிள்ளையார்பாளையத்தில் நண்பனின் காரியத்துக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். வடை, மீன் குழம்பு, ஒரு பீடிக்கட்டு. இலையின் ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவன் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. விடும்போது கூடவே இருந்தவன் நான்.

நாங்கள் பழகியது ஆஸ்பத்திரியின் குடிநோய்ப் பிரிவில். அங்கே யாரையும் படுக்க வைப்பதில்லை. மனநல டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு, ஏற்கெனவே குடியை விட்ட ஒருவனைத் துணையாகச் சேர்த்துவிடுவார்கள். அவனுக்கு நான். தறியில் உட்கார்ந்தால் கை நடுங்குகிறது என்று வந்த அன்றைக்கே அழுதான். சாயங்காலம் கால் தானாக ஒயின்ஷாப் பக்கம் போகும் நேரத்தில், அவனை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவேன். கண்டபடி திட்டுவான், கெஞ்சுவான், கடைசியில் அவனே டீ வாங்கித் தருவான். எனக்கு அவனை அவ்வளவு பிடித்திருந்தது.

இதெல்லாம் அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். "பைத்தியக்கார டாக்டராண்ட போறான்னு எங்கண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியும்பா" என்பான். அண்ணனிடம், வயிற்றில் புண், அதனால் குடிக்கக் கூடாதாம் என்று புளுகி வைத்திருந்தான். அந்தப் பிரிவில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அவன் மாரடைப்பில் தறியிலேயே சாய்ந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். குனிந்து பாட்டிலின் மூடியைத் திருகினார். "பாவம்பா, புண்ணால ஆசைய அடக்கிக்கினே பூட்டான். இப்பவாச்சும் குடிக்கட்டும்" என்று விம்மினார். அந்த வாடைக்கு என் நாக்கு ஊறியது. அதற்கும் சேர்த்து அவர்மேல் எரிச்சல் வந்தது.

நண்பனின் மனைவி எழுந்து வந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

"புண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. ஆஸ்பத்திரிக்குப் போயி வைத்தியம் பாத்து அவரேதான் உட்டாரு. என்னா பாடுபட்டு உட்டாருன்னு இந்த அண்ணனக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள்.

"ஆமாண்ணா. நானும் அங்க போய்த்தான் உட்டேன்" என்றேன்.

சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. படத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் உங்கூட வந்திருப்பேனேடா."