கெலுகோர் கரையில் ஒரு வெள்ளைப் புள்ளி

நேற்று மாங்காய் ஜெருக், அதுதான் வினிகரில் ஊறிய மாங்காய், போத்தலைத் திறந்தேன். வினிகர் வாடை மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. புளிப்பு அதிகம்போல என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன். எண்பதுகளில் என் சட்டை, விரல், சாப்பிடும் சோறு எல்லாவற்றிலும் இந்த வாடைதான். பிலிம் கழுவும் இருட்டறையில், அங்கே ஊற்றும் அமிலத்தால், அது வீசாத நாளே கிடையாது.

கடலோரச் சேற்றையும் அலையாத்திக் காட்டையும் ஆராய்ந்த ஒரு குழுவில் அப்போது எனக்கு வேலை. சின்ன விமானம். அதன் தரையில் ஓர் ஓட்டை, ஓட்டையில் கேமரா, பக்கத்தில் நான். மேலே படம் எடுப்பதும் கீழே வந்து கழுவுவதும் என் பொறுப்பு. நடுவில் வாந்தி எடுப்பதும் நான்தான், அதற்குத் தனிச் சம்பளம் இல்லை.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. தினமும் எங்கள் தீவிலிருந்து ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் போய், ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் ஒரு கிளார்க் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் மாட்டேன் என்றதிலிருந்து ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதுகூடத் தங்கை மூலமாகத்தான்.

நாளை நம் வீட்டுக்கு மேலே பறப்போம் என்று ஒருநாள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“எத்தன மணிக்கு?”

“பத்து மணி போலப்பா.”

“கரையில வேட்டியப் பிடிச்சிட்டு நிக்கிறேன். படத்துல விழுவேனா?”

“வெள்ளையா இருந்தா கண்டிப்பா தெரியும்பா.”

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அதுதான்.

மறுநாள் எங்கள் வீடு இருந்த கெலுகோர் கரையை நெருங்கும்போது பிலிம் தீர்ந்துவிட்டது. அவசரமாக வேறு பிலிம் பெட்டியை மாட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கரையில் ஒரு மனிதர், இரண்டு கைகளிலும் தூக்கிப் பிடித்த வெள்ளை வேட்டி. “எங்கப்பா! எங்கப்பா!” என்று இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். குழுத் தலைவர் ஹமீது அண்ணன் சிரித்தார்.

பிலிம் பெட்டியின் வாயில், வெளிச்சம் படாமல் காக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். மாட்டியதும் உருவ வேண்டும், கழற்றும்முன் திரும்பச் செருக வேண்டும். தரையிறங்கியபின் செருகப் போனேன். தகடு அங்கேயே இருந்தது. நப்பாசையில் கழுவியும் பார்த்தேன். ஒரு படமும் விழாமல் பிலிம் வெறும் கண்ணாடிபோல வந்தது.

“விடு தம்பி, அடுத்த வாரம் திரும்ப ஏறுவோம் லா,” என்றார் ஹமீது அண்ணன். அவருக்கு அங்கே இருந்தது சேறு மட்டும்தானே.

திரும்பவும் ஏறினோம். இன்னொரு தடவை நில்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதுக்குத்தான் கிளார்க் வேலைய விட்டியா என்று கேட்டுவிட்டால்? இரண்டாம் தடவை எடுத்த படத்தில் எங்கள் வீட்டை அடுத்து, கரையோரமாக ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் புதுத் தகரம். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன்.

“இந்தா, நானு!” என்று சிரித்தார். அன்று சாயங்காலம் என்னைச் சாப்பிட அவரே கூப்பிட்டார். அதன்பிறகு எப்படிச் சொல்வது? படத்துக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி, வந்தவர்களுக்கெல்லாம் கோழிக்கூண்டைக் காட்டினார்.

அப்பா போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அவர் நின்ற கரையும் இல்லை. கடலைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். இருட்டறை, பிலிம், அந்த விமானம், எதுவும் இல்லை. படம் சிம்பாங் அம்பாட்டில் தங்கை வீட்டில் இருக்கிறது. நேற்று அவளுக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, என் பேரன் அந்தப் புள்ளிய போன்ல பெருசாக்கிப் பாத்துட்டு, கொள்ளுத்தாத்தா கை தூக்குறாருங்கிறான்.”

“ஆமா,” என்றேன்.

படத்தை மாட்டிய அன்று அப்பா ஒன்று கேட்டார். “மேலருந்து நீ என்னப் பாத்தியா?”

பார்த்ததால்தானே தகட்டை மறந்தேன். அது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன்: “இல்லப்பா, வேலையில கவனமா இருந்தேன்.”