ஓரத்து முகங்கள்

கமரா வாங்கப் போகிறவர்கள் நல்லமுத்துவைக் கூட்டிக்கொண்டு போவது வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. பங்களாவில் அப்புவாகச் சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், படம் பிடிக்கும் பைத்தியம் கொண்ட ஒரு வெள்ளைத்துரையிடம் அவன் லென்ஸ் பார்க்கக் கற்றிருந்தான். துரை திட்டாத நாளில்லை. கமராவைத் துடைக்கும் வேளையில் மட்டும் மனிதனிடம் பேசுவதுபோல் பேசுவார். இந்த மலையில் லென்ஸைக் கெடுப்பது பூஞ்சணம்தான் என்பார். தோல் உறைக்குள் ஈரம் தங்கி, கண்ணாடிகளுக்கு நடுவே வெள்ளை நூல் போலப் படர்ந்துவிடும். அந்த லென்ஸில் எடுத்த படம் கஞ்சித் தண்ணீரில் நனைத்தது போல் வெளுத்துக் கிடக்கும்.

ஐம்பதாம் ஆண்டு துரை கப்பலேறிப் போனார். கமராவையும் கொண்டுபோய்விட்டார். நல்லமுத்து சமையற்கட்டை விட்டு வெளியே வந்தான். தோட்டந்தோட்டமாகப் போய்ப் படம் பிடித்துப் பிழைக்கலாம் என்று நினைத்தான். அதற்கு அப்போது தேவையும் இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சட்டம், மலையிலேயே பிறந்து அந்த மலையைத் தேயிலையாக்கிக் கொடுத்தவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியிருந்தது. பின்னால் வந்த இன்னொரு சட்டம், வேண்டுமானால் மனுப் போடு, நீ யாரென்று நிரூபி என்றது. பறிகொடுத்தவனிடமே பற்றுச்சீட்டுக் கேட்கும் நியாயம் அது. ஆள் மாறாட்டம் என்று தட்டிக்கழிக்க இடம் வைக்கக்கூடாது, மனுவோடு படமும் சேர்த்து அனுப்புங்கள் என்று தொழிற்சங்கத்துக்காரர்கள், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள்தோறும் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நல்லமுத்து ஹட்டனில் ராசிக்கின் கடைக்குப் போனான். நாட்டைவிட்டுப் போகும் துரைமார் விற்றுவிட்டுப் போகிற கடிகாரம், கிராமபோன், கட்டில் எல்லாம் அங்கே வந்து சேரும். ராசிக் ஒரு ஜெர்மன் கமராவை எடுத்து வைத்தார்.

"நல்லாப் பாத்துக்கோங்க தம்பி. பங்களாச் சாமான்."

"பாக்கத்தானே வந்தேன் மொதலாளி. அந்தப் பெட்ரோமாக்ஸக் கொஞ்சம் ஏத்துங்க."

பின்மூடியைத் திறந்து விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, லென்ஸுக்குள் கண்ணை வைத்தான். நூல் இல்லை, புள்ளி இல்லை. வாயால் ஊதினான், ஆவி ஒரே சீராகப் படர்ந்து ஒரே சீராக விலகியது. கீறலும் இல்லை. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் மட்டும் இரண்டு சின்ன உரசல்கள் பளபளத்தன. துரையின் மோதிரம் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டான்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல பாக்குறீங்க," என்றார் ராசிக்.

"பொண்ணா இருந்தா அதுவும் நம்மளப் பாக்கும் மொதலாளி. வாசல்ல போய் நில்லுங்க, ஒரு படம் எடுத்துக் கழுவிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

படத்தில் ராசிக்கின் தாடி ஒவ்வொரு மயிராக விழுந்திருந்தது. அத்தனை பழைய கமராவில் ஒரு பொட்டுப் பூஞ்சணம்கூட இல்லாதது எப்படி என்று அவனுக்குத் தோன்றவில்லை. சுத்தத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டான்.

பிலிம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் லயத்துச் சுவருக்கு முன்னால் ஆறேழு பேரை வரிசையாக நிறுத்தி ஒரே படமாக எடுத்து, முகம் முகமாகக் கத்தரித்துக் கொடுத்தான். எடுக்கக் கிடைத்ததோ, காலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுமுன் உள்ள சிறு பொழுதுதான். அந்த நேரத்தில் பனிமூட்டம் தரையோடு ஊர்ந்துகொண்டிருக்கும்.

சிவசாமி கங்காணி தன் லயத்து ஆட்களை நிறுத்திய அழகை நல்லமுத்து கடைசிவரை மறக்கவில்லை. நடுவில் அவர். இரண்டு பக்கமும் அவருடைய சாதிக்காரர்கள். பிறகு மற்றவர்கள், படிப்படியாக. எல்லோருக்கும் கடைசியில், சுவர் முடிகிற இடத்தில், வாசக்கூட்டி வேலாயி. தோட்டத்துக் கக்கூசுகளையும் சாக்கடைக் கான்களையும் கழுவுகிறவள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள்.

"தள்ளி நில்லு. இன்னும் தள்ளி," என்றார் கங்காணி.

"நெருங்கி நின்னாத்தாங்க படத்துல அடங்கும். தோளோட தோள் ஒட்டி நில்லுங்க," என்றான் நல்லமுத்து.

"ஏம்ப்பா, போட்டோ புடிக்கிறதுக்காகச் சாதியக் கூட்டிப் பெருக்கச் சொல்றியா?"

வரிசை சிரித்தது. வேலாயியும் சிரித்தாள். "நா இங்கயே நிக்கிறேங்க. எங்க நின்னாலும் இந்த மூஞ்சிதானே."

நல்லமுத்து கமராவுக்குப் பின்னால் போனான். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வரிசை இப்படித்தான் நின்றது. குடியுரிமையைப் பறித்தவனைத் திட்டிய அதே வாய்கள் பக்கத்தில் நிற்பவளைத் தள்ளி நிற்கச் சொன்னதை அவன் கேட்டான். கேட்டுக்கொண்டே படம் பிடித்தான்.

கழுவிப் பார்த்தபோது நடுவில் நின்றவர்களின் மீசை தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்தில் நின்றவர்களின் முகங்கள் விரலால் தேய்த்தது போல இழுபட்டிருந்தன. வேலாயிக்கு மூக்கும் வாயும் ஒன்றாகியிருந்தன. நல்லமுத்து பனிமூட்டத்தைத் திட்டினான். கங்காணி மாரியம்மன் குற்றம் என்றார். இன்னொரு படம் எடுக்கிறேன் என்றான் நல்லமுத்து. எடுத்தான், அதே வரிசை, அதே பனி, அதே முகம். மனுக்களுக்குக் கெடு முடிகிற நேரம். கங்காணி எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

கெடு முடிந்த பிறகு கினிகத்தேனையில் ஒரு கல்யாணம். உச்சி வெயில். பனி என்று சொல்ல ஒரு துளி ஈரம் இல்லை. படத்தில் பொண்ணு மாப்பிள்ளை கொத்திவைத்தது போல இருந்தார்கள். ஓரத்தில் நின்ற சொந்தக்காரர்கள் தண்ணீருக்குள் கிடந்தார்கள்.

நல்லமுத்து அன்றே வீட்டுக்குத் திரும்பினான். செய்தித்தாள்களை விரித்துச் சுவரை மூலைக்கு மூலை மறைத்து ஒட்டினான். கமராவை அசையாமல் நிறுத்தி அதைப் படமெடுத்தான். நடுத்தாளில் சின்ன எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. மூலைத்தாள்களில் கொட்டை எழுத்துத் தலைப்பே தெரியவில்லை. வாங்குமுன் செய்திருக்கவேண்டிய சோதனை. அன்று அவன் ராசிக்கின் முகத்தை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்திருந்தான்.

ராசிக் மறைக்கவில்லை. "உள்ளுக்குப் பூஞ்சணம் புடிச்சிருந்துச்சு தம்பி. மணிக்கூடு திருத்துறவருக்கிட்டக் குடுத்துக் கழட்டிக் கழுவினேன். அதுல பிழை என்ன?"

கழுவியதில் பிழையில்லை. மாட்டும்போது ஒரு கண்ணாடியைப் பின்புறம் முன்புறமாகப் போட்டிருந்தார் அந்தக் கடிகாரக்காரர். வளையத்து உரசல்கள் அவருடைய இடுக்கி பட்டவை. நல்லமுத்து அதே கடையில் உட்கார்ந்து கழற்றித் திருப்பிப் போட்டான். ராசிக் வரவழைத்த தேத்தண்ணீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் செய்தித்தாள் மூலைக்கு மூலை படிக்கும்படி விழுந்தது.

சிவசாமி கங்காணியிடம் ஓடினான். "ஓரத்துல நின்னவங்களுக்கெல்லாம் வேற படம் எடுத்து அனுப்பணுங்க. தப்பு என் கமராவுல."

"மனு போயாச்சு. நம்ம ஆளுங்க மூஞ்சி நல்லாத்தானே விழுந்திருக்கு? ஓரத்து ஆளுங்களுக்காக எதுக்கு இப்படிப் பதறுற?"

அன்று வாயைத் திறந்த நல்லமுத்து, லயமே வெளியே வந்து பார்க்கும் அளவுக்குக் கங்காணியைச் சத்தம்போட்டுத் திட்டினான். திட்டி என்ன? போன மனு போனதுதான். வேலாயியைச் சுவருக்கு நடுவில் தனியாக நிறுத்தி ஒரு முழுப் படம் எடுத்தான். அதை வைத்துக்கொண்டு விசாரணைக்காகக் காத்திருந்தார்கள். ஆண்டுகள் போயின.

ஐம்பத்தைந்தில் அழைப்பு வந்தது. நல்லமுத்து கூடப் போனான். முதலில் போன கங்காணி முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். வேலாயியின் முறை வந்ததும் அதிகாரி படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இது யார்?"

"நாந்தாங்க."

"மூக்கு எங்கே?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லமுத்து புதுப் படத்தை மேசையில் வைத்து, கண்ணாடி திரும்பியிருந்த கதையைச் சிங்களத்திலேயே சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மனுவோடு வந்த படத்தைத்தான் பார்க்கமுடியும் என்றார். தோட்டத்து ஆட்பதிவேடான செக்ரோலில் அவள் பெயர் இருந்தது. அவள் பிறந்த லயத்துக் காம்பராவும் தோட்டத்தில் இருந்தது. அவளே எதிரில் நின்றாள். ஆள் அடையாளம் உறுதிப்படவில்லை என்று மனு தள்ளப்பட்டது. தள்ளவேண்டும் என்றே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தன் கமரா காரணம் எடுத்துக் கொடுத்தது என்பது நல்லமுத்துவுக்கு விளங்கியது. அந்த மாதம் எத்தனை ஓரத்து முகங்கள் அப்படித் தள்ளப்பட்டன என்று விசாரிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு படத்தில் ஒருவரைத்தான் எடுத்தான். பிலிம் வீணாகிறது என்று சொன்னவர்களோடு சண்டை போட்டான்.

அறுபத்து நான்கில் இந்தியப் பிரதமரும் இந்த நாட்டுப் பிரதமரும் உட்கார்ந்து, நாடற்ற இலட்சக்கணக்கான மனிதரை உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்று பங்கு போட்டார்கள். மறு ஆண்டு வேலாயி தானாகவே படம் எடுக்க வந்தாள். தலை நரைத்திருந்தது.

"இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கப் போறேங்க. இங்க ரேசன் கூப்பனுக்குக்கூட ஒவ்வொருத்தன் காலப் புடிக்க வேண்டியிருக்கு. எந்த ஊருன்னு கேக்குறாங்க. எங்கப்பன் துறையூர்ப் பக்கம்னு சொல்லும். எந்தத் திக்குன்னுகூடத் தெரியாது."

"அங்க யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? நான் ஹட்டனத் தாண்டுனதில்லங்க."

படம் எடுத்துக் கழுவிக் கொடுத்தான். நெற்றிச் சுருக்கம், காதோரத்துத் தழும்பு, உதட்டு வெடிப்பு, ஒன்றும் தவறாமல் விழுந்திருந்தன. வேலாயி அதை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கேங்க. இத வச்சு என்னய அனுப்பிருவாங்கல்ல?"

"அனுப்பிருவாங்க," என்றான் நல்லமுத்து.