எட்டிப் பார்க்காத ஒன்பது நாள்

எங்கள் மருத்துவமனையின் மருந்தறை அக்காவுக்கு ஓட்டை வாய். பக்கத்து வீட்டுச் சங்கதியைப் பத்து நிமிஷம் அடக்கி வைக்கத் தெரியாது. வாயை மூடிக்கொண்டாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவளிடம் போய்ப் பெரிய டாக்டர் ஒரு ரகசியத்தை ஒப்படைத்தாரே என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆய்வு நடந்தது. ரத்த அழுத்தம் விழுந்து வருகிறவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றுவதற்கு இரண்டு திரவங்கள்: ஒன்று பழைய உப்புத் தண்ணீர், மற்றது புதிதாக வந்தது. புதியது சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அது நிஜமா என்றுதான் பார்க்க வேண்டும். யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். அது தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். பையைப் பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, எண் எழுதி அனுப்புவாள். டாக்டருக்கும் தெரியாது, படுக்கையருகே நிற்கும் நர்ஸான எனக்கும் தெரியாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் இல்லையா?

ஒரு நாள் காலையில் அக்காவின் சொந்த அண்ணனே வந்து சேர்ந்தார். ரத்தத்தில் கிருமி, நினைவில்லை. ஆய்வில் சேர்க்க அவர் மனைவி கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு மருந்தறை வாசலுக்கு ஓடினார்.

"வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். புதுசுன்னா தலையை மட்டும் ஆட்டு, போதும்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போயிடுங்க அண்ணி" என்றாள்.

வேறு ஆளைப் போடச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் கெஞ்சினாள். பழகிய இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள். உறை போடும் வேலை அக்கா தலையிலேயே விழுந்தது.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அக்கா அண்ணன் படுக்கைப் பக்கமே வரவில்லை. இரண்டு மாடிதான் வித்தியாசம். "கூடப் பொறந்தவ எட்டிக்கூடப் பார்க்கலையே, கல் நெஞ்சுக்காரி" என்று அண்ணி என்னிடம் பொருமினார். நானும் ஆமாம் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தினமும் மதியம் மட்டும் அக்காவிடமிருந்து போன் வரும்.

"ஒண்ணுக்கு எவ்வளவு போச்சு?"

வேறு ஒன்றும் கேட்க மாட்டாள். ஐந்தாம் நாள் "முப்பது மில்லிதான்க்கா" என்றேன். டொக்கென்று போனை வைத்துவிட்டாள். அன்று மாலை அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கினோம்.

பத்தாம் நாள் அவர் பிழைத்து வார்டுக்குப் போனார். சிறுநீரகம் தேற இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. அண்ணி அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா எங்களோடும் சரியாகப் பேசவில்லை. அவள் வாய் ஓய்ந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம் வந்தது.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. கூட்ட அறையில் பெரிய டாக்டர் தொங்கிய முகத்தோடு அறிவித்தார்: இரண்டு திரவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. சாவிலும் இல்லை, சிறுநீரகத்திலும் இல்லை. மூன்று வருஷ உழைப்பு! அறையே உச்சுக் கொட்டியது. கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஓவென்று அழுதாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா!

இனி யாருக்கு எது போனது என்று வீட்டாரிடம் சொல்லலாம் என்றார்கள். அவ்வளவுதான், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அண்ணி கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அண்ணன் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் போனது பழசு, அண்ணி," என்றாள் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல். "ஒன்பது நாளும் என் கையாலதான் உறை போட்டேன். கிட்னி நின்னப்போ நான்தான் கெடுத்துட்டேன்னு நினைச்சேன். உங்க முன்னாடி வந்தா என் மூஞ்சியே சொல்லிடும். அதான் வரல. ரெண்டும் ஒண்ணுதானாம் அண்ணி, இன்னிக்குத்தான் தெரிஞ்சுது!"

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "எட்டு மாசமா இதை நீ தனியாவா சுமந்தே?"

அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "அப்போ ஒன்பது நாளும் எனக்கு ஏத்தினதெல்லாம் இவ கொடுத்து அனுப்பினதா?"

"ஆமாண்ணா."

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்புறம் என்னத்துக்கு, எட்டிப் பார்க்கலைன்னு எங்கிட்ட சொன்னே?"

அண்ணி எழுந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். அன்றைக்குத் திறந்த அக்காவின் வாய் இன்னும் மூடவில்லை.