மீனோடு பட்டறைக்குப் போன வண்டி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைய மறந்தும் போய்விட்டது. ஆனால் அந்தப் பழைய பிக்கப் வண்டியில், ஸ்டீரிங்குக்குப் பின்னால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எரிந்த சிவப்பு விளக்கு மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பேட்டரி படம் போட்ட விளக்கு. சாவி போட்டதும் எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அது நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும்.

வண்டி என் நாத்தனாருடையது. கட்டுமாவடி ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, அறந்தாங்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவோம். அவள் வீட்டுக்காரர் ஓட்டுவார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நானும் நாத்தனாரும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொள்வோம். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் போச்சு, திரும்ப ஸ்டார்ட் ஆகாது. கடையில் இருப்பவர்கள்தான் வந்து தள்ளுவார்கள். "ஏக்கா, இது டீசல்ல ஓடுதா, எங்க தோள்ல ஓடுதா?" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நாத்தனார் மட்டும், "பேசாமத் தள்ளுங்கப்பா, மூச்சு வீணாப் போகுது" என்பாள்.

பேட்டரியை மாற்றினோம். டைனமோவைக் கழற்றிப் பார்த்தார்கள். பட்டறைக்குக் கொண்டுபோனால் மட்டும் விளக்கு எரியாது. "நல்லாத்தானே இருக்கு" என்று மெக்கானிக் திருப்பி அனுப்பிவிடுவார். மறுபடி மீன் ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் எரியும். அண்ணனுக்கு மனம் விட்டுப்போனது. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு சவுதிக்குப் போகிறேன் என்று பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டார். அன்றைக்கு நாத்தனார் சோற்றில் கை வைக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை காட்டிவிட்டு விற்கலாம் என்று வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல். மீன் வாடையோடு போய் நின்றால் முகம் சுளிப்பார்கள் என்று ஒவ்வொரு தடவையும் பெட்டிகளை இறக்கி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத்தான் கொண்டுபோவோம். அந்தக் கூச்சம் எனக்குத்தான் அதிகம். அன்றைக்குத் தேய்த்துக்கொண்டிருந்த நாத்தனார் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, காலி வண்டியா வரையில இந்த லைட்டு எரிஞ்சு என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். பார்த்ததே இல்லை.

"பாரம் ஏறுனாத்தான் இதுக்கு நோவு வருது. நாம நோவ எறக்கி வச்சுட்டுல்ல டாக்டர்கிட்ட போறோம்."

மறுநாள் மார்க்கெட்டைத் தாண்டி, மீன் பெட்டிகளோடு நேராகப் பட்டறைக்கே போனோம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஆஃப் பண்ணிறாதீங்க" என்று நாத்தனார் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெக்கானிக் வெளியே வந்து மூக்கைச் சுருக்கினார்.

"என்னக்கா, வாடையோட வந்துட்டீங்க?"

"மீன் வண்டியில மல்லியப்பூவா மணக்கும்? மூக்கப் பொத்திக்க தம்பி, கண்ணத் தொறந்து வச்சுப் பாரு."

அவர் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். ஐஸ் தண்ணீர் அவர் முகத்தில் சொட்டியது. அண்ணன் பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார். நாத்தனார் பெட்டிகள் சரியாமல் பிடித்துக்கொண்டாள். விளக்கைப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மெக்கானிக் தனி ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை வண்டிச் சட்டத்திலும் வைத்து, "இப்ப?" என்று கேட்டார்.

"அணைஞ்சிருச்சு" என்றேன். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். கடைத்தெருவில் நான் வாய்விட்டுக் கத்தியது அதுதான் முதல் தடவை. ஒயரை எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது. இரண்டையும் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இன்ஜினையும் சட்டத்தையும் சேர்த்து, பேட்டரிக்குக் கரண்டு போய்வர வழிவிடுகிற எர்த் ஒயரில்தான் கோளாறு. மீன் தண்ணீரின் உப்பில் அதன் முனை பச்சை பூத்திருந்தது. ரப்பருக்குள்ளே கம்பியெல்லாம் அற்று, சில இழைகள்தான் தொட்டுக்கொண்டிருந்தன. காலியாக இருந்தால் அவை ஒட்டியிருக்கும். பாரம் ஏறியதும் சட்டம் அமுங்கி ஒயரை இழுக்கும், தொடர்பு விட்டுப்போகும். புது ஒயர் போட்டு முடிப்பதற்குள், யார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேனோ அந்தத் தெருக்காரர்களே பையோடு வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். மார்க்கெட்டுக்குப் போகாமலே பாதி மீன் விற்றுப்போனது. மறுநாள் மீன் ஏற்றிக்கொண்டு வருகையில் நாத்தனார் வேண்டுமென்றே டீக்கடையில் வண்டியை அணைக்கச் சொன்னாள். தள்ளுவதற்கு எழுந்து வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, "சாவியப் போடுங்க" என்றாள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் திரும்பப் பெட்டிக்குள் போனது. அண்ணன் கடைசிவரை சவுதியைப் பார்க்கவில்லை.

இப்போது நாத்தனாருக்கு முழங்கால் வலி, ஏலத்துக்கு வருவதில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. எப்போதாவது யார் வண்டியிலாவது முன்னால் உட்கார்ந்தால், அந்தச் சிவப்பு விளக்கு அணையும்வரை நான் ரோட்டைப் பார்ப்பதில்லை. வண்டி வேலை தெரிந்தவர்கள் இதைப் படித்தால், ஒயர் சங்கதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். விளக்கு அணைந்த இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். அதைப் பார்த்துச் சொன்னவள் நான்.