இணைச்சீர்ப் படத்து வெயில்

என் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கல்யாண வேட்டி சட்டையில் நான். பக்கத்தில் அரக்குப் பட்டு உடுத்தி, இடுப்பில் கூடையோடு அக்கா. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: என் முகத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது, அக்கா முகத்தில் வலப்பக்கமிருந்து.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணப்பெண்ணுக்குக் குறையாத அலங்காரத்தோடு, இடுப்பில் கூடை ஏந்தி, அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர் அது. "உன்ற இணைச்சீருக்கு நான் அரக்குப் பட்டுத்தான் கட்டுவேன்" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா. ஆனால் அவள் தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு காரமடைக்குப் போனதும் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். என் கல்யாணத்துக்கும் அழைக்க விடவில்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், மனிதர் மசியவில்லை. அக்கா நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகள் நின்றாள். எனக்கு இருந்தது ஒரே அக்கா, அவளுக்கு ஒரே தம்பி. அந்தச் சீர் இனி அவளுக்கு வரப்போவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு மில் ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காந்திபுரத்தில் நண்பன் ஒருவன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். படங்களைத் திருத்தும் சாஃப்ட்வேர் ஒன்றை அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒரு படத்தில் இருப்பவரை வெட்டி இன்னொன்றில் ஒட்டலாம் என்று அவன் காட்டியதும் என் மனம் நேரே காரமடைக்குத்தான் போனது.

அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டுக் கட்டிக்கொண்டு, ஒரு கூடையை இடுப்பில் வைத்து நில் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் அரக்குப் பட்டில் வந்தாள். மடிப்புக்கூடக் கலையாத புதுசு. "உன்ற கல்யாணத்துக்குன்னு எடுத்தது கண்ணு. எப்படியும் கூப்புடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். மொட்டை மாடியில், சாயங்கால வெயிலில் படம் எடுத்தேன்.

அவளைக் கத்தரித்தெடுத்து, என் கல்யாணப் படத்தில் சித்தப்பா மகள் நின்ற இடத்தில் ஒட்ட நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மவுஸை ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போகும். செய்ததை அழிக்கும் அண்டூ ஒரு தடவைதான். அதற்கு முந்தைய தப்பு தப்பாகவே நிற்கும். கடைசியில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உனக்குக் காலை வெயிலு. எனக்கு மட்டும் பொழுது சாயற வெயிலு கண்ணு."

படம் எடுக்கிற எனக்கு அது தோன்றவே இல்லை! திரும்ப வந்து அவள் உருவத்தை மட்டும் இடவலமாகத் திருப்பினேன். வெயில் சரியாகிவிட்டது. ஆனால் மூக்குத்தி மறுபக்கம் போயிற்று, கன்னத்து மச்சமும் இடம் மாறியது. அதையும் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டாள். "இது ஆருடா? மொதப் படமே இருக்கட்டும். வெயிலு தப்பா இருந்தாலும் அதுல நிக்கறது நானு." அதையே கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எந்தம்பி கல்யாணத்துல எடுத்ததுங்க" என்பாள். நானும் தலையாட்டுவேன்.

அக்கா காலமான பிறகு அந்தப் படம் என்னிடம் வந்தது. போன வாரம் அதைச் செல்போனில் எடுத்து, வெளிச்சத்தின் திசையை மாற்றும் ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். விரலால் ஒரு தள்ளு. மூக்குத்தியும் மச்சமும் அப்படியே இருக்க, வெயில் மட்டும் இடப்பக்கம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அக்கா என் கல்யாண மேடையில் நின்றாள். அவளிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

ஆனால் அவள் முகத்தில் அந்த மொட்டை மாடி வெயிலைக் காணோம். கூப்பிடாத கல்யாணத்துக்குப் பட்டெடுத்து வைத்திருந்து, தம்பி கேட்டான் என்பதற்காகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாளே, அந்தச் சாயங்காலத்தைக் காணோம். அதை சேவ் செய்யாமல் ஆப்பை மூடினேன். எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்தைத் துடைத்தேன். பொழுது சாய்கிற வெயிலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.