இரவல் கோட்டில் கிதிர் முகம்மது

எனக்கு அடுத்தவர் காகிதத்தை எட்டிப் பார்க்கிற புத்தி உண்டு. தென்காசித் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவனுக்கு அது ஆகாதுதான், என்ன செய்ய. 1936இல் நெசவாளி கிதிர் முகம்மது ஒரு விண்ணப்பத்தோடு வந்தபோது, முத்திரையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். பாஸ்போர்ட் விண்ணப்பம். அதுவரை நான் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை.

கிதிருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவன் அண்ணன் முகம்மது இஸ்மாயில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சைகோனுக்குப் பிழைக்கப் போனவர். மாதம் தவறாமல் கடிதம் போட்டவர், ஒரு வருஷமாக மூச்சுக் காட்டவில்லை. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தாயார் ஹைருன் பீவி சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். தேடிப் போகலாமென்றால் அது பிரெஞ்சுக்காரன் சீமை, பாஸ்போர்ட் இல்லாமல் இறங்க விடமாட்டான். விண்ணப்பத்தோடு வைக்கிற படத்தில் இருப்பது இவன்தான் என்று, இவனைத் தெரிந்த சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்காகத்தான் எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஆதித்தனிடம் வந்திருந்தான்.

ஆதித்தன் படத்தைப் பார்த்தார், கிதிரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். கோட்டும் குஞ்சம் வைத்த தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு வக்கீல் அதில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் குற்றாலத்தில் சீசனுக்குக் கடை போடுகிற போட்டோக்காரரின் இரவல் உடுப்பு. அந்தக் காலத்தில் படமென்றால் அதை மாட்டிக்கொண்டுதான் எடுப்போம். நானும் எடுத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

"இது நீன்னு நான் எப்படிலே கையெழுத்துப் போடுவேன்?" என்றார் ஆதித்தன்.

கிதிருக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணனும் இப்படித்தான் எடுத்தான் என்று சொல்லி, மடியிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து வைத்தான். சைகோனில் கடை கடையாகக் காட்டி விசாரிப்பதற்காக வைத்திருந்தானாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே கோட்டு, அதே தொப்பி, அதே கண்ணாடி. இதைக் காட்டினால் அங்கே எவன் அடையாளம் சொல்வான்?

கிதிர் அண்ணன் படத்தைக் கையில் எடுத்தான். "ஐயா, அண்ணன் போகையில எனக்குப் பன்னெண்டு வயசு. இந்தக் கண்ணாடி இல்லாம அவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்கே நெனப்பு வரமாட்டேங்குது" என்றான்.

இஸ்மாயில் ஊரில் இருந்த நாளிலேயே ஆதித்தனுக்குப் பழக்கம். "எனக்கு நெனப்பிருக்கு. அப்படியே உன் மூஞ்சிதாம்லே அவனுக்கும். இதெல்லாம் கழத்திப் போட்டுட்டு உள்ளபடிக்கு ஒரு படம் எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடுதேன். அங்கன போயி படத்தைக் காட்டாத, உன் மூஞ்சியைக் காட்டு" என்றார்.

மறுநாளே வெறும் சட்டையோடு எடுத்துக்கொண்டு வந்தான். பாஸ்போர்ட் வர நாலு மாதம் பிடித்தது. அவன் கப்பலேறிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு தபால் பையையும் ஆவலாகக் கொட்டிப் பார்த்தோம். கடைசியில் போஸ்ட்மாஸ்டர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

கப்பலிறங்கிய மூன்றாம் நாள் சந்தைக்குள் போனபோது, முன்பின் தெரியாத கடையநல்லூர்க்காரர் ஒருவர் தன் கையைப் பிடித்து நிறுத்தியதாகக் கிதிர் எழுதியிருந்தான். அவர் கேட்டாராம்: "நேத்து ஆஸ்பத்திரியில எந்திரிக்க மாட்டாமக் கெடந்தியே இஸ்மாயிலு, இன்னைக்கு எப்படிலே நடந்து வருத?"